மாத்திரை போட்டால் வண்டி எடுக்கக் கூடாது

1

இங்கே ஏப்ரல் மாதம் பிர்ச் மரங்களிலிருந்து மஞ்சள் தூள் உதிரும். நிறுத்தி வைத்த கார்கள், ஜன்னல் விளிம்பு, காயப்போட்ட துணி என்று எல்லாவற்றின் மேலும் மாவு போலப் படியும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அது எனக்கு அழகாகக்கூடத் தெரிந்தது. பிறகு ஒரு வருடம் கண் அரித்தது. அடுத்த வருடம் தும்மல் தொடங்கியது. இந்த வருடம் வேலையே பார்க்க முடியவில்லை. நான் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நான் தும்மினால் தராசில் எண்கள் ஆடும். மேலாளர் சிரித்துக்கொண்டே என்னை மருந்துக்கடைக்கு அனுப்பினார்.

அந்த வாரம் எனக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, என் குடியிருப்பு அனுமதி அட்டை புதுப்பித்தலில் இருந்தது. புது அட்டை வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைவதில் சிக்கல் வரலாம் என்று கடிதம் வந்திருந்தது. இரண்டு, அம்மாவின் முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடலூரில், செம்மண்டலத்து வீட்டில், அப்பா தனியாக இருந்தார். நான் அவருக்கு ஒரே பெண்.

நம் ஊர் மெடிக்கலில் "தும்மலுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்றால் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கவுண்ட்டரில் இருந்த நடுவயதுப் பெண்மணி கேள்விகளோடு தொடங்கினார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? சிறுநீரகக் கோளாறு உண்டா? மது அருந்தும் பழக்கம்? வண்டி ஓட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு என் அரைகுறை ஜெர்மனில், யோசிக்காமல், "இல்லை, என் அப்பாதான் ஓட்டுவார்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கே திடுக்கென்றிருந்தது. அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அந்த மொழியில் எனக்கு இறந்தகாலம் அவசரத்துக்கு வராது.

அந்தப் பெண்மணி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "அப்பாவுக்கு என்ன வயது?"

"எழுபது."

அவர் எனக்காக எடுத்து வைத்திருந்த பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "இது புதிய வகை. பெரும்பாலும் தூக்கம் வராது. ஆனாலும் முதல் மாத்திரை உங்களுக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்த்த பிறகே வண்டி ஓட்டலாம்." பிறகு எதிர்ச்சுவரில் இருந்த வேறொரு அலமாரியைக் காட்டினார். "இதே மருந்துக் குடும்பத்தின் பழைய மாத்திரைகள் அங்கே இருக்கின்றன. அவற்றை இப்போது தூக்கத்துக்காகத்தான் விற்கிறோம். உங்கள் அப்பா வயதில் இருப்பவர்களுக்கு அது வேண்டாம். ஆள் குழம்பிப் போய்விடுவார்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். டிராமில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெண்மணியின் கடைசி வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை. ஊரில் எங்கள் அத்தை அப்பாவைப் பற்றி அந்த வாரம் சொன்ன வார்த்தையும் அதுதான்.

2

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர். நான் அண்ணாமலை நகரில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த நாட்களில் பாதி நாள் அவர் வண்டியில்தான் போவேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவேன். வண்டி ஓடும்போது என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். யூனிவர்சிட்டி ஸ்டாப்பில் நான் இறங்கும்போது மட்டும் கண்ணாடியில் ஒரு பார்வை இருக்கும்.

அவருக்குக் காணாக்கடி உண்டு. எது கடித்தது என்று தெரியாமல் உடம்பில் தட்டுத் தட்டாகத் தடிப்பது. எறா சாப்பிட்டால் வரும், அதனால் எங்கள் வீட்டில் எறா சமைத்ததே இல்லை. எறா சாப்பிடாவிட்டாலும் வரும். வெயில் காலத்தில் இன்ஜின் சூட்டில் முழங்கையிலிருந்து கழுத்துவரை சிவந்துவிடும். ஒரு கையால் ஸ்டியரிங், மறுகையால் சொறிதல் என்று ஓட்டக் கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வார்.

மெடிக்கலில் ஒரு சின்ன மாத்திரை கொடுப்பார்கள். போட்டால் அரைமணியில் தடிப்பு அடங்கிவிடும், கூடவே கண்ணும் சொக்கிவிடும். அம்மா அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வாசல்வரை போவாள்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கினு போங்க. ஒடம்பு பூரா செவந்து கெடக்குது."

"நான் போட்டா நான் மட்டுமா தூங்குவேன்? பஸ்ல கீற அம்பது பேரயும் சேத்துல்ல தூங்க வெக்கும்."

"அப்ப லீவு போடுங்க."

"அரிப்புக்கு லீவுன்னு எழுதுனா டிப்போவே சிரிக்கும்."

அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, மடித்துக் கொடுப்பாள். அப்பா அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். பிழிவதில் அம்மாவுக்கு ஒரு பதம் இருந்தது. ஈரம் சிதம்பரம் போய்ச் சேரும்வரை இருக்கும், சட்டைக் காலர்கூட நனையாது. ஓய்வு பெறும்வரை டியூட்டி நாட்களில் அவர் அந்த மாத்திரையைத் தொட்டதில்லை.

3

அம்மா சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அட்மிட் ஆகியிருந்த நாட்களில் அப்பா தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்பி வருவார். நான் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்து, கருமாதி முடிந்து, லீவு தீர்ந்து திரும்பினேன். அப்பாவைக் கையோடு கூட்டிவர முடியுமா என்று விசாரித்தேன். அதற்கு விசா வேண்டும், காப்பீடு வேண்டும், அந்தக் காப்பீட்டைக் கொடுப்பவர்களுக்கு உடல்நலச் சான்று வேண்டும். அப்பாவோ, "அங்க வந்து பனியில நான் இன்னாத்த ஓட்டப் போறேன்" என்று முடித்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் அப்பாவின் தங்கை இருக்கிறார், என் அத்தை. சாப்பாடு அங்கிருந்து வந்துவிடும். நான் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் கூப்பிடுவேன். அப்போது அங்கே முற்பகல்.

முதல் சில மாதங்கள் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. போனை எடுத்தால் தலையணைதான் தெரியும். என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. அவள் மழலையர் பள்ளியில் யாருக்கும் அந்த 'ழ' வராது, 'யாலினி' என்பார்கள். அவளும் இப்போது தன் பெயரை அப்படித்தான் சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் வாக்கியங்களில் ஒன்று "தாத்தா தூங்குறாரு." போனை எட்டிப் பார்ப்பாள், சொல்வாள், போய்விடுவாள். ஒரு நாளும் அந்த வாக்கியம் பொய்யாகவில்லை.

பிறகு அத்தை சொல்லத் தொடங்கினார். வாய் காய்கிறது என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் ஒன்றுக்குப் போக முடியாமல் பாத்ரூமில் வெகுநேரம் நிற்கிறார். நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார். பேப்பரில் எழுத்து கலங்குகிறது என்கிறார். போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் சாப்பாடு வரவில்லையே என்கிறார்.

மருந்துக்கடைக்கு நான் போன அந்த வாரத்தில் நடந்தது இது. அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டார். சிதம்பரம் ஆஸ்பத்திரியில், அம்மா இருந்த வார்டின் வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். பையில் அம்மாவின் மாற்றுப் புடவை இருந்தது. அங்கிருந்த காவலாளி அப்பாவின் போனை வாங்கி, கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அடித்தார். அத்தை எடுத்தார்.

"பெரியவரு சம்சாரத்த டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டினு போவ வந்தேன்னு சொல்றாரும்மா. பேரு சொல்றாரு. அந்தப் பேருல இங்க யாரும் இல்லியே."

மாமா, அத்தையின் கணவர், கார் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். வழியெல்லாம் அப்பா, "உங்க அக்கா பில்லு கட்டுற எடத்துல நிக்கிறா மச்சான், விட்டுட்டு வந்துட்டமே" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

அன்று மாலை மாமா என்னிடம் மெதுவாகப் பேசினார். "இது மறதி வியாதிதாம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது. புதுச்சேரி பக்கம் ஒரு ஹோம் இருக்குது, நல்லா பாத்துக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் வயசானவங்க. கேட்ட பூட்டி வெச்சிக்கினு எத்தினி நாளு?"

அவர் சொன்னதில் கொடுமை எதுவும் இல்லை. அதுதான் என்னை அழ வைத்தது. நான் போக முடியாத அந்த நேரத்தில், என் அப்பா தன் வீட்டில் இருப்பாரா, அந்த ஹோமின் கேட்டுக்குள் இருப்பாரா என்பதை ஒரு வாரத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

4

டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதே அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்த, அப்பா என்னென்ன மாத்திரை போடறாருன்னு எடுத்துக் காட்டுங்க."

"இன்னாடி மருமவளே, திடீர்னு டாக்டராயிட்ட? பெயிண்ட் கம்பெனின்னுதான சொன்னாங்க."

"காட்டுங்க அத்த."

அப்பாவின் பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். வெட்டி எடுத்த அட்டைத் துண்டுகள் கலகலவென்று விழுந்தன.

"இது பிரஷருக்கு. இது காணாக்கடிக்கி, காலயில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இந்தப் பொட்டலத்துல கீறது சளிக்கி ஒரு செட்டு. இருமறாருன்னு உங்க மாமா வாங்கினு வந்தாரு. இந்த டானிக்கும் இருமலுக்குத்தான்."

"காணாக்கடி மாத்திரைய திருப்பிக் காட்டுங்க. பேரு தெரியணும்."

"பேரு எங்க கீது? கிழிச்சிதான குடுத்தான்."

வேலையில் என் கைக்கு வரும் எந்த டப்பாவிலும் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி இல்லாவிட்டால் அதை நான் திறக்கக்கூட மாட்டேன். நம் வீடுகளில் விழுங்கும் பொருளுக்கு அந்த வழக்கம் இல்லை. முழு அட்டையாக யாரும் வாங்குவதில்லை. நாலு, ஆறு என்று வெட்டி வாங்குகிறோம். பெயர் இருக்கும் மூலை கடையிலேயே தங்கிவிடுகிறது. அதன் பிறகு மாத்திரைக்கு நிறம்தான் பெயர், வியாதிதான் பெயர். செட்டுக்கு அதுவும் கிடையாது. காகிதப் பொட்டலத்தில் மூன்று உதிரி மாத்திரைகள் இருக்கும், அவ்வளவுதான்.

மாமாவை மெடிக்கலுக்கு அனுப்பினேன். கடைக்காரர் தயங்காமல் சொல்லிவிட்டார். அரிப்பு மாத்திரையில் இருப்பது குளோர்பெனிரமின். சளி செட்டின் மூன்று மாத்திரைகளில் ஒன்று அதே குளோர்பெனிரமின். டானிக் பாட்டிலின் சீட்டைப் போன் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதிலும் அதே பெயர் இருந்தது. பழைய வகை அலர்ஜி மருந்து. தூக்கம் தருவது, வாயை உலர்த்துவது, சிறுநீரைத் தடுப்பது, வயதானவர்களின் நினைவைக் கலைப்பது.

மாமா டானிக் சீட்டைத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "ஒரே ஆளு மூணு வேஷம் கட்டிக்கினு வந்திருக்கானே" என்றார்.

"டாக்டர்கிட்ட அழச்சிக்கிட்டுப் போங்க மாமா. டப்பாவையும் அந்த டானிக்கையும் அப்படியே எடுத்துக்கிட்டுப் போங்க. மறதின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதக் காட்டணும்."

"சரிம்மா. ஹோமுக்கு நாளைக்கி போன் பண்றதா இருந்தேன். அப்பறமா பண்ணிக்கறேன்."

டாக்டர் டப்பாவைப் பார்த்ததும் அத்தையைத்தான் முதலில் கேட்டாராம், எத்தனை மாதமாக இப்படி என்று. அத்தையால் சொல்ல முடியவில்லை. டாக்டர் அந்த மூன்றையும் நிறுத்தினார். தடிப்புக்குத் தூக்கம் அதிகம் தராத வேறு ஒரு மாத்திரை, நாளுக்கு ஒன்று, தேவைப்பட்டால் மட்டும் என்று எழுதினார். ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார். முதல் சில நாள் அரிப்பும் தூக்கமின்மையும் ஜாஸ்தியாகும், பயந்துகொண்டு பழையதைக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள், நினைவுப் பரிசோதனையை அப்போது செய்வோம் என்று சொல்லி அனுப்பினார்.

5

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் டாக்டர் இல்லை. என் அப்பாவை முன்னிட்டு நான் தெரிந்துகொண்டு, கேட்டு உறுதி செய்துகொண்டவற்றை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

அ. அலர்ஜி மாத்திரையில் பழைய வகை, புதிய வகை என்று இரண்டு உண்டு. பழையது தூக்கம் தரும். அதைப் போட்டுவிட்டு வண்டி, மெஷின், ஏணி எதுவும் கூடாது. மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கலாம். புதியதிலும் சிலருக்குத் தூக்கம் வரும், குறிப்பாகச் செட்டிரிசினில். முதல் மாத்திரையை வீட்டில் இருக்கும் நாளில் போட்டுப் பாருங்கள்.

ஆ. மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இருக்கும் துண்டை வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மேல்பெயர் மாறும். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. சளி செட்டு, இருமல் டானிக், அரிப்பு மாத்திரை மூன்றிலும் ஒரே மருந்து இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு அலர்ஜி மருந்துதான்.

இ. மதுவோடு வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

ஈ. வயதானவர்கள், கண் அழுத்தம் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. குழந்தையைத் தூங்கவைக்க என்று இந்த டானிக்கைக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உ. உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி விழப்போனாலோ மாத்திரையை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

ஊ. வீட்டில் ஒரு பெரியவர் திடீரென்று மறக்க ஆரம்பித்தால், வியாதிக்குப் பெயர் வைப்பதற்கு முன் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வரிசை இங்கே முடிகிறது. முடியாத ஒன்று அடுத்த பகுதியில் இருக்கிறது.

6

முதல் வாரம் மோசமாக இருந்தது. அப்பா தூங்கவில்லை, யாரையும் தூங்கவிடவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள், நான் கூப்பிடும் முன்பே அவர் கூப்பிட்டார். அம்மா போன பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"பாப்பா, சாப்ட்டியா? இன்னா, மூக்கு செவந்துருக்குது?"

"இங்க ஒரு மரம்பா. அது தூசி."

"மரத்துக்குக்கூட ஒன்ன ஆவலியா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். அட்டை வந்ததா என்று விசாரித்தார். நான் போன மாதம் சொன்ன அலுவலகத்தின் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். யாழினி எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் "தாத்தா தூங்" என்று தொடங்கி நிறுத்தினாள். சரியான சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"முழிச்சிட்டாரு," என்று சொல்லிக் கொடுத்தேன்.

"தாத்தா முழிச்சிட்டாரு."

"முழிச்சிட்டேன்டா கண்ணு," என்றார் அப்பா. பிறகு பக்கவாட்டில் திரும்பி எதையோ பார்த்தார். அங்கே பீரோ இருக்கும். "உங்கம்மா பொடவ எல்லாம் அப்டியே கீது பாப்பா. நான் பாக்கவே இல்ல. ஒரு வருசமா அப்டியே கீது."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை நான் அம்மா இறந்த அன்றும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் அவருக்கு அம்மா இறந்திருக்கிறாள். யாழினியை அடுத்த அறைக்கு அனுப்பினேன்.

மறுநாள் அத்தையின் குரலில் கோபம் இருந்தது. "நல்லா கொணமாக்குன போ. கொழம்பிக்கினு இருந்தாலும் வேளைக்கி ஒரு வாய் சாப்ட்டாரு. இப்ப தட்டு அப்டியே திரும்பி வருது. அண்ணி போட்டோவுக்கு எதுர சேரப் போட்டுக்கினு ஒக்காந்துருக்காரு. இதுக்கு அதுவே தேவலன்னு தோணுதுடி."

எனக்கும் ஒரு நொடி தோன்றியது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

ஓரிரு நாள் கழித்து அப்பாவிடமே கேட்டேன். அத்தை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

"அப்பா, அந்த மாத்திரை தூக்கம் குடுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா? முப்பது வருசம் அதுக்குத்தான பாப்பா நான் அதத் தொடல."

"அப்பறம் ஏம்பா?"

"அதுக்குத்தான் போட்டேன்."

போன் சரிந்து, திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

"மொதல்ல அரிச்சிதுன்னுதான் போட்டேன். நல்லா தூங்கிட்டேன். எழுந்துக்கும்போது அவ அடுப்பாண்ட கீறாப்ல இருந்துது. பாத்தர சத்தம்கூட கேட்டுது. சரின்னு மறுநாளும் போட்டேன்."

"அரிக்காத நாள்லயுமா?"

"அரிக்காத நாளு எது பாப்பா?"

மூன்று மருந்துகளிலும் இருந்த அந்த ஒரே பெயரை நான் கண்டுபிடித்த அன்று எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் போய்ச் சேர்ந்திருந்த இடத்தில் அம்மா உயிரோடு இருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகி, பில் கட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து அவரைக் கூட்டி வந்துவிட்டேன். கூட்டி வராமல் இருந்திருந்தால் ஒரு நாள் பாத்ரூமில் விழுந்திருப்பார், அல்லது சிறுநீர் அடைத்து அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், அல்லது புதுச்சேரியில் ஒரு பூட்டிய கேட்டுக்குப் பின்னால் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் துக்கமாக இருக்கிறது.

"இனிமே போட மாட்டேன், பயப்படாத," என்றார். "காலையில டியூட்டி கீதுன்னு நெனச்சிக்கறேன்."

7

மூன்று வாரம் கழித்து டாக்டர் நினைவுப் பரிசோதனை செய்தார். வயதுக்கு உண்டான தடுமாற்றம் கொஞ்சம் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கடிகாரம் வரையச் சொன்னாராம். அப்பா கடிகாரத்தை வரைந்துவிட்டு, அதன் பக்கத்தில் முதல் டிரிப் கிளம்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "மச்சானுக்கு மூளை கவர்மெண்ட் பஸ்ஸு மாதிரி," என்றார் மாமா, "லேட்டாவும், ஆனா வந்துடும்." புதுச்சேரி ஹோமைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

திதிக்கு என்னால் போக முடியவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பா திதி கொடுத்ததைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மாமா பிடித்திருந்த போனில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. சொன்ன எதுவும் கேட்கவில்லை. அப்பா குனிந்து கடல் தண்ணீரைக் கையில் எடுத்தது மட்டும் தெரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த சக ஊழியர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இந்த வருடம் மகரந்தம் மிக மோசம்" என்று ஆறுதலாகச் சொன்னார். ஆமாம் என்றேன். அனுமதி அட்டை அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது.

இதை எழுத உட்கார்ந்த நாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன். திரை குலுங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் ஹாரன் சத்தம், கண்டக்டரின் விசில். அவர் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

டப்பாவில் பழைய மாத்திரைத் துண்டு ஏதாவது மிச்சம் இருந்திருக்குமா என்றுதான் முதலில் தோன்றியது.

"எங்கப்பா போறீங்க?"

"செதம்பரம்."

"எதுக்குப்பா?"

என் குரலை வைத்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார்.

"பயப்படாத பாப்பா. அவ அங்க இல்லன்னு தெரியும். தெரிஞ்சிதான் போறேன். அந்த எடத்துல செத்த நேரம் ஒக்காந்துட்டு, அடுத்த வண்டியில வந்துடுவேன்."

ஜன்னல் வெளிச்சம் அவர் மேல் விழுந்தபோது முழங்கையிலும் தாடைக்குக் கீழேயும் சிவந்து தடித்திருப்பது தெரிந்தது.

"தடிச்சிருக்கேப்பா. டாக்டர் எழுதிக் குடுத்த புது மாத்திரைய போட்டுக்கலாமே. அது தூக்கம் அவ்வளவா வராது."

"வண்டி ஓடறப்ப மாத்திரையா?" என்றார். உண்மையிலேயே அதிர்ந்துபோன மாதிரி இருந்தது குரல். "எறங்கிப் போட்டுக்கறேன்."

கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டிருந்தார். அவரே நனைத்து எடுத்து வந்திருக்கிறார். பிழியத் தெரியவில்லை. காலரிலிருந்து மார்புவரை சட்டை முழுக்க நனைந்திருந்தது.